முட்டி நனையல பாஸ்டரே!

நடுவர் அய்யாவுக்கும் ரெண்டு அணிக்கும் பந்தல் ஓட்டை வழியா வெயில் அடிச்சாலும் எழுந்து போகாத உங்களுக்கும் ஸ்தோத்திரம், வணக்கம். அவ்ளோதான், எட்டு நிமிஷத்துல அஞ்சு நிமிஷம் வணக்கம் சொல்லியே உக்காந்தவங்கள நான் பாத்திருக்கேன்.

தலைப்பு "ரெண்டு சபை ஒண்ணா சேர்றது பலமா, பாரமா?". நான் பலம்னு பேச வந்தவன். காட்பாடியில நம்ம தமிழ் பாப்டிஸ்ட் சபையும் ரயில்வே லைனுக்கு அந்தாண்ட இருந்த தெலுங்கு பாப்டிஸ்ட் சபையும் சேந்து ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் சில பேரு செருப்பக் கூட தனித்தனியா விட்டுகினு இருக்காங்க, அதனாலதான் இந்தத் தலைப்பே.

எதிரணி அண்ணன் இன்னா சொன்னாரு? "ஆம்பூர் பிரியாணியையும் ஆந்திரா பிரியாணியையும் ஒரே அண்டாவுல கொட்டினா ரெண்டும் கெட்டுப்போவும்"னாரு. நீங்க கை தட்னீங்க. நானும் தட்னேன், பசி நேரம்.

அண்ணே, ஆம்பூர் பிரியாணி இன்னா பைபிள்ல வர்ற மன்னா மாதிரி வானத்துல இருந்து கொட்டுச்சா? ஆற்காட்டு நவாபு சமையக்கட்டு சரக்குன்னு நம்ம ஊர்ல சொல்றாங்க. அரிசி சீரக சம்பா, அது நம்மாளு. அரைச்சு ஊத்தற காஞ்ச மிளகா? போர்ச்சுகீசியக்காரன் கப்பல்ல வந்தது, பொறந்த ஊரு அமெரிக்கா கண்டம். தக்காளியும் அந்தப் பக்கத்து ஆளுதான். தொட்டுக்க கத்தரிக்கா, அதுவும் இலவம்பாடி முள்ளு கத்தரிக்கான்னா கேக்கவே வேணாம். ஆக அண்ணன் தட்டுல இருக்கறதே ஒரு ஐக்கிய சபை! அதை மட்டும் கேட்டு வாங்கி சாப்டுவீங்க. போன அறுப்பின் பண்டிகையில ஒருத்தர் மூணாவது தட்டோட நின்னாரு, போட்டது தெலுங்கு சபை அக்கா, ஓரத்துல கோங்குரா வேற. நான் பேரு சொல்லல, யாரு தலைய குனியறாங்கன்னு நீங்களே பாத்துக்குங்க.

நடுவர் அய்யா மணி மேல கை வெக்கறாரு. சரி சரி, சரித்திரம்.

1947 செப்டம்பர் 27, மெட்ராஸ் கதீட்ரல்ல ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் சேந்து சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை ஆச்சு. பாப்டிஸ்ட் நாம சேரல, ஞானஸ்நானத்துக்கு தண்ணி தெளிச்சா போதாது, ஆளையே முழுக்கணும்னு நமக்கு ஒரு பிடிவாதம். அமெரிக்காவுல 1845-ல அடிமை வெச்சிருக்கறவன் மிஷனரியா போலாமான்னு சண்ட போட்டு பாப்டிஸ்டுங்க வடக்கு தெக்குன்னு பிரிஞ்சாங்க, தெக்கத்திக்காரங்க மன்னிப்பு கேட்டது 1995-ல, நூத்தம்பது வருஷம் ஆச்சு. அந்தத் தெக்குலதான் புளோரிடாவுல 2015-ல கறுப்பர் சபை ஒண்ணும் வெள்ளைக்காரர் சபை ஒண்ணும், ரெண்டும் பாப்டிஸ்டு, ஒண்ணா சேந்துச்சு. அவங்களால முடியுது, நமக்கு நடுவுல ஒரு ரயில்வே கேட்டு, அத தாண்ட முடியலயா?

முழுக்குன்னு சொன்னேனே, எங்க தாத்தா கதைய சொல்லாம போனா ஆயா வீட்ல சேக்காது.

தாத்தா ஆறடி ரெண்டு அங்குலம். நம்ம சபைக்கு அப்ப தொட்டி கிடையாது, பாலாறுதான். பாலாத்துல தண்ணி எங்க இருக்கு? மணல தோண்டி ஊத்து எடுத்தாங்க, இடுப்பளவு வரும்னு பாத்தா முட்டியளவுல நின்னுடுச்சு. பாஸ்டர் தாத்தாவ மல்லாக்க சாய்ச்சு முழுக்கறாரு. தலை போச்சு, நெஞ்சு போச்சு, ரெண்டு முட்டியும் மட்டும் காங்கேயநல்லூர் கோபுரம் மாதிரி வெளிய நிக்குது! கரையில இருந்து ஆயா கத்துது, "முட்டி நனையல பாஸ்டரே!". அவரு முட்டிய அமுக்கினா தலை வெளிய வருது. தலைய அமுக்கினா முட்டி. தலை, முட்டி, தலை, முட்டி. தாத்தா மூக்குல மணலு, வாயில மணலு, கூட்டத்துல பாதி பாட்டு பாடுது பாதி சிரிக்குது. பாஸ்டர் மூச்சு வாங்கிகினு, "அம்மா, ஆண்டவர் முட்டிய பாக்க மாட்டாரு"ன்னாரு. ஆயா விடல, "சாராயக்கடைக்கு நடந்து போனது அந்த முட்டியிலதான், அதுதான் முதல்ல நனையணும்!"

அப்ப அந்தப் பக்கமா போன ஒரு கேங்மேன், ரயில் தண்டவாளம் பாக்கறவரு, தெலுங்கு சபைக்காரரு, நின்னு பாத்துட்டு சொன்னாரு, "மா தொட்டி உந்தி, ரண்டி". எங்ககிட்ட தொட்டி இருக்கு, வாங்க. அன்னிக்கு சாயங்காலம் அங்க மேடப் பலகைய தூக்கினாங்க, கீழ தொட்டி, கழுத்தளவு தண்ணி. ஒரே முழுக்கு, முட்டியும் சேத்து. அண்ணே, நாம ரெண்டு வருஷம் முன்னாடி கையெழுத்து போட்டோம், எங்க தாத்தா அன்னிக்கே சேந்துட்டாரு.

இப்ப சிரிக்காதீங்க. கடைசி காலத்துல அந்த முட்டிதான் போச்சு. சபைக்கு அஞ்சு படி, ஏற முடியாது. சபை சேந்த பொறவு வாரா வாரம் அவர சேரோட தூக்கினது அந்த கேங்மேனோட புள்ள. இன்னொரு பக்கம் புடிச்சது நர்சிங் படிக்க வந்த நாகாலாந்து பையன், அவங்க ஊர்ல பாதிக்கு மேல பாப்டிஸ்டு, தமிழ்ல "தாத்தா, மெதுவா" மட்டும்தான் தெரியும்.

போன வருஷம் மழையில தாத்தா போயிட்டாரு. நம்ம கல்லறைத் தோட்டத்துல இடம் இல்ல. இந்தத் தமிழ்நாட்டுல கல்லறைக்கு நடுவுல சாதிச் சுவர் கட்டின ஊர் இருக்கு, கட்டினது கிறிஸ்தவங்கதான், அத மறைச்சிட்டு நான் பேசினா பொய்யன். ஆனா தெலுங்கு மூப்பர் யாரையும் கேக்கல, அவரு சம்சாரத்து பக்கத்துல அவருக்குன்னு வெச்சிருந்த இடத்த காட்டினாரு.

குழியில மழத்தண்ணி ஊறிகினு இருந்துச்சு. கேங்மேன் புள்ள உள்ள எறங்கி பக்கெட்ல மொண்டு மொண்டு ஊத்தறாரு, தாத்தா நனையக் கூடாதாம். ஆயா குனிஞ்சு அவரு தோள தொட்டுச்சு.

"இருக்கட்டும்பா, முட்டி நனையட்டும்".

மணி அடிச்சிட்டீங்களா அய்யா? உக்காந்துடறேன்.