நோட்டீஸிலிருந்து இணையப் பக்கம் வரை

(வியாசர்பாடியில் ஒரு மாலை நேர நூலகக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் தம்பிகளுக்கும், டியூஷன் முடிந்து புத்தகப் பையோடு நேராக வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

நம் பகுதியில் நோட்டீஸ் எப்படி எழுதுவது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கால்பந்துப் போட்டி, ரத்ததான முகாம், கண்ணீர் அஞ்சலி என்று எதற்கும் நோட்டீஸ் உண்டு. மேலே நிகழ்ச்சியின் பெயர் வரும். அதற்குக் கீழே நாள், நேரம், இடம். அப்புறம் தலைமை, முன்னிலை, சிறப்புரை, கடைசியில் நன்றியுரை. டிடிபி சென்டரில் போய் நின்று, "அண்ணா, இந்த வரியைப் பெருசாப் போடுங்க, இதைச் சிகப்புல போடுங்க" என்கிறோம். அவரும் போட்டுத் தருகிறார். படிப்பவர் கண்ணுக்கு எது தலைப்பு, எது பேச்சாளர் பெயர் என்று உடனே தெரிந்துவிடுகிறது.

ஆனால் அந்தத் தாளுக்கு அது தெரியாது. தாளில் இருப்பது பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் சிவப்பு மையும்தான். பெரிய எழுத்தில் இருப்பதால் இது தலைப்பு என்று முடிவு செய்வது நம் மூளை. கம்ப்யூட்டருக்கு அந்த மூளை இல்லை. அதனால் அதற்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது வேறொரு பக்கத்துக்குப் போகும் வழி. அப்படிச் சொல்லும் முறைதான் எச்டிஎம்எல். சொல்லப் பயன்படும் குறிகள்தான் டேக்குகள். ஒரு டேக்கின் முதல் வேலை பொருளின் பெயரைச் சொல்வது. தோற்றம் அதற்கு அப்புறம்தான். இதை விளக்கத்தான் வந்திருக்கிறேன்.

இந்த முறை பிறந்த இடத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஜெனிவாவுக்குப் பக்கத்தில் செர்ன் என்ற பெரிய இயற்பியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. பல நாட்டு விஞ்ஞானிகள் வந்து வேலை செய்யும் இடம். ஒவ்வொருவர் கொண்டுவந்த கம்ப்யூட்டரும் ஒவ்வொரு வகை. ஒன்றில் எழுதிய ஆவணத்தை இன்னொன்றில் திறக்க முடியாது. அங்கே பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ 1989 மார்ச் மாதம் இதற்கு ஒரு தீர்வை எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் வலை, அதாவது வெப். பக்கங்களைத் திறந்து காட்டும் முதல் பிரவுசரை அவர் எழுதியது நெக்ஸ்ட் என்ற உயர்ரகக் கம்ப்யூட்டரில். அது எல்லோரிடமும் இல்லை. அப்போது அங்கே பயிற்சிக்கு வந்திருந்த நிக்கோலா பெல்லோ என்ற கணித மாணவி, எந்தச் சாதாரண டெர்மினலிலும், அதாவது எழுத்தை மட்டும் காட்டும் திரையிலும், ஓடும் ஒரு பிரவுசரை எழுதினார். அதில் படம் கிடையாது, மவுஸ் கிடையாது, வெறும் எழுத்து வரிகள்தான். இங்கே இருக்கும் கல்லூரித் தங்கைகள் அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஆவணம் நெக்ஸ்ட் கம்ப்யூட்டரிலும் திறக்க வேண்டும், வெறும் எழுத்து டெர்மினலிலும் திறக்க வேண்டும். "இதை 24 பாயிண்ட் அளவில் சிவப்பில் காட்டு" என்று எழுதிவைத்தால் டெர்மினல் என்ன செய்யும்? "இது முதல் நிலைத் தலைப்பு" என்று எழுதிவைத்தால் ஒவ்வொரு கருவியும் தன்னால் முடிந்த விதத்தில் காட்டிக்கொள்ளும். அதனால்தான் 1991இல் வெளியான முதல் டேக் பட்டியலில் தலைப்பு இருந்தது, பத்தி இருந்தது, பட்டியல் இருந்தது, இணைப்பு இருந்தது. நிறத்துக்கும் எழுத்துருவுக்கும் எந்த டேக்கும் இல்லை. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இந்தத் தொழில்நுட்பத்தை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. காப்புரிமைக் காசு கேட்டிருந்தால் இன்று இப்படி உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டோம்.

சரி, இன்றைய கூட்டத்தின் நோட்டீஸையே எடுத்துக்கொள்வோம். வெறும் டெக்ஸ்ட் ஃபைல் ஒன்றைத் திறக்கிறோம். விலை கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம், நோட்பேட் போதும். கணக்கில் 'சிறியது', 'பெரியது' என்று போடுவோமே, அந்த இரண்டு குறிகளுக்கு நடுவே டேக்கின் பெயர் வரும். பெரும்பாலான டேக்குகளை, விஷயம் முடியும் இடத்தில் அதே பெயரை முன்னால் ஒரு சாய்கோட்டோடு எழுதி மூட வேண்டும். ஒரு டேக்குக்குள் இன்னொன்று வரலாம். டப்பாவுக்குள் டப்பா வைப்பது மாதிரிதான்: கடைசியாகத் திறந்ததை முதலில் மூட வேண்டும்.

முழுப் பக்கமும் எச்டிஎம்எல் என்ற டேக்குக்குள் அடங்கும். அதற்குள் ஹெட், பாடி என்று இரண்டு பகுதி. ஹெட்டில் இருப்பது பக்கத்தில் தெரியாது, ஆனால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. டைட்டில் டேக் அங்கேதான் இருக்கும். தேடும்போது முதலில் கண்ணில் படும் வரி பெரும்பாலும் அதுதான். எழுத்துகள் யூடிஎஃப் 8 முறையில், அதாவது எல்லா மொழிகளையும் எழுத உதவும் குறியீட்டு முறையில், இருக்கின்றன என்று சொல்லும் மெட்டா டேக்கும் அங்கேதான். வியூபோர்ட் என்ற இன்னொரு மெட்டா டேக் உண்டு. அதை விட்டுவிட்டால், போன் அந்தப் பக்கத்தைக் கம்ப்யூட்டர் திரைக்கு எழுதியது என்று நினைத்து, எல்லாவற்றையும் சுருக்கி எறும்பு அளவில் காட்டும். நம் வீடுகளில் இணையம் என்றாலே போன்தான். அந்த ஒரு வரியை எழுத மறக்காதீர்கள்.

பாடிக்கு வருவோம். நிகழ்ச்சியின் பெயர் எச்1. "நிகழ்ச்சி நிரல்", "வரும் வழி" ஆகியவை எச்2. வரும் வழியில் "ரயிலில் வருவோர்", "பஸ்ஸில் வருவோர்" என்று பிரித்தால் அவை எச்3. எச்6 வரை போகலாம். நிறையப் பேர் என்ன செய்கிறார்கள் என்றால், எச்1 ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது என்று முக்கியத் தலைப்புக்கே எச்4 போடுகிறார்கள். எண் அளவைச் சொல்லவில்லை, எது எதற்குள் அடங்கும் என்று சொல்கிறது. அளவு பிடிக்காவிட்டால் மாற்ற வேறு வழி இருக்கிறது, சொல்கிறேன்.

அழைப்பு வாசகம் பத்தி. அதற்கு பி என்ற டேக். முதல் நாள் எழுதும் பிள்ளைகள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நான் என்டர் தட்டினேன் சார், பக்கத்தில் வரி இறங்கவே இல்லையே?" இறங்காது. எத்தனை என்டர் தட்டினாலும், எத்தனை ஸ்பேஸ் விட்டாலும் பிரவுசர் அதை ஒரே ஒரு இடைவெளியாகத்தான் எடுத்துக்கொள்ளும். பத்தி என்று நீங்கள் பெயர் சொன்னால்தான் அது பத்தி. சிலர் வரியை உடைக்கும் டேக்கை நாலைந்து முறை அடுக்கி இடைவெளி உண்டாக்குவார்கள். அது முகவரியிலோ கவிதையிலோ வரியை முறிக்க வேண்டிய இடத்துக்கு உரியது.

நிகழ்ச்சி நிரலுக்கு வரிசை முக்கியம், ஆகவே ஓஎல் என்ற எண் பட்டியல். கொண்டுவர வேண்டிய பொருட்களுக்கு வரிசை தேவையில்லை, அதற்கு யுஎல். இரண்டுக்குள்ளும் ஒவ்வொரு வரியும் எல்ஐ. எண்ணை நீங்கள் டைப் செய்ய வேண்டாம். கடைசி நேரத்தில் ஒரு பேச்சாளர் வரவில்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள், மீதி எண்கள் தானாகச் சரியாகிவிடும். அட்டவணையும் அப்படித்தான். காசிமேட்டு மீன் விலையைப் போடுகிறீர்கள் என்று வையுங்கள்: வஞ்சிரம், சங்கரா, நெத்திலி ஒரு நெடுவரிசையில், விலை இன்னொன்றில். மேல் வரியை வெறும் கட்டமாக விடாமல் தலைப்புக் கட்டத்துக்கான டிஎச் டேக்கில் எழுதினால், எந்த விலை எந்தத் தலைப்புக்குக் கீழ் வருகிறது என்பது கம்ப்யூட்டருக்கும் தெரியும். இணைப்புக்கு ஏ. படத்துக்கு ஐஎம்ஜி, அதாவது இமேஜ் டேக். அதை 1993இல் முன்மொழிந்தவர், மொசைக் என்ற பிரவுசரை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்க் ஆண்ட்ரீசன். ஹெடர், மெயின், நேவ், ஃபூட்டர் போன்றவை எச்டிஎம்எல் 5 வழியாக வந்தவை. பக்கத்தின் பெரிய பகுதிகளுக்குப் பெயர் சொல்ல அவை உதவும்.

இப்போது தோற்றத்துக்கு வருகிறேன். வலை பரவியதும் எல்லோருக்கும் நிறம் வேண்டியிருந்தது, நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது. பிரவுசர் தயாரித்தவர்கள் ஃபான்ட், சென்டர் என்று தோற்றத்துக்கான டேக்குகளை நுழைத்தார்கள். தமிழுக்கு இதனால் வந்த சங்கடத்தை நாம் மறக்கக் கூடாது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவாக எண் தரும் யூனிகோடு முறை பரவாத அந்தக் காலத்தில் பல தமிழ்த் தளங்கள் தங்களுக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தன. ஃபைலுக்குள் இருந்தது ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்கள். அந்த எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவங்களை வரைந்து காட்டியது. அதாவது அது தமிழ் என்பதே ஃபான்ட் டேக்கில் எழுதிய எழுத்துருப் பெயரில்தான் இருந்தது. அந்த எழுத்துரு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் திரை முழுக்கப் புரியாத குறிகள். தேடினால் கிடைக்காது. ஒரு தளத்தில் நகல் எடுத்து இன்னொன்றில் ஒட்டினால் குப்பை. பெயரும் தோற்றமும் குழம்பிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியாது. 1999 பிப்ரவரியில் இதே சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் ஒரு பொது முறையைத் தேடியது. பிறகு யூனிகோடு நிலைத்தது. இன்று 'அ' எந்த எழுத்துருவிலும் 'அ'தான்.

தோற்றத்தைத் தனியாகப் பிரித்து எழுதும் யோசனையை 1994இல் முன்வைத்தவர் ஹோகன் வியூம் லீ. அவரும் செர்னில் வேலை பார்த்தவர்தான். சிஎஸ்எஸ் என்ற அந்த முறை 1996 டிசம்பரில் முதல் தரநிலையாக வந்தது. டேக் பெயரைச் சொல்லும், சிஎஸ்எஸ் அந்தப் பெயருக்குத் தோற்றம் கொடுக்கும். "எச்2 எல்லாம் நீலம்" என்று ஒரு இடத்தில் எழுதினால் நூறு பக்கமும் மாறும்.

தமிழில் எழுதுபவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல இஎம் என்ற டேக் இருக்கிறது. பிரவுசர் வழக்கமாக அதைச் சாய்த்துக் காட்டும். சாய்வெழுத்து ஆங்கில அச்சின் வழக்கம். நம் எழுத்தைச் சாய்த்தால் பல எழுத்துருக்களில் பார்க்கவே சங்கடமாக இருக்கும். அதற்காக டேக்கை விட்டுவிடாதீர்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்றால் சாய்வுக்குப் பதில் நிறமோ தடிமனோ கொடு என்று சிஎஸ்எஸ்ஸில் எழுதலாம். வரிகளுக்கு இடையே கொஞ்சம் தாராளமாக இடம் விடுங்கள். நம் எழுத்துகளுக்கு மேலேயும் கீழேயும் கொம்பும் சுழியும் உண்டு. நீளமான சொற்கள் போன் திரையைத் தாண்டி ஓடாமல் மடக்கவும் வழி இருக்கிறது.

இவ்வளவு நேரம் கண்ணால் பார்ப்பவர்களைப் பற்றியே பேசினேன். பார்வையற்ற நம் தோழர்கள் ஸ்கிரீன் ரீடர் வைத்துப் படிக்கிறார்கள், அதாவது திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் சாஃப்ட்வேர். என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரை 2006இல் எழுதத் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், அவரும் பார்வையற்றவர். அதில் எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும், 2ஐத் தட்டினால் அடுத்த எச்2க்குப் போகும். நீங்கள் தலைப்பைப் பெரிய எழுத்தாக மட்டும் காட்டி டேக் போடாவிட்டால், அந்தத் தோழர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கேட்டுத்தான் ஆக வேண்டும். அட்டவணையில் டிஎச் இருந்தால் விலையை வாசிக்கும்போது தலைப்பையும் சேர்த்துச் சொல்லும். படத்துக்கு ஆல்ட் என்ற விளக்கம் எழுதினால் அதை வாசிக்கும். முதல் டேக்கில் மொழி தமிழ் என்று குறித்தால் தமிழ்க் குரலுக்கு மாறிக்கொள்ள முடியும்.

என் மனதை உறுத்தும் விஷயம் ஒன்று. உதவித்தொகை அறிவிப்பு ஒன்றை ஓர் அலுவலகத்தின் பக்கத்தில் பார்த்தேன். முழு அறிவிப்பும் ஒரே படம். தாளை ஸ்கேன் செய்து ஒட்டியிருந்தார்கள். ஆல்ட் விளக்கமும் இல்லை. அந்த உதவித்தொகை யாருக்குத் தெரியுமா? மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு. கடைசித் தேதி உட்பட ஒரு எழுத்தைக்கூட அவர்களில் பார்வையற்ற பலரால் படிக்க முடியாது. அறிவிப்பை ஐந்தாறு டேக்கில் எழுதியிருந்தால் ஒரு மணி நேர வேலைகூட இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் நம் நோட்டீஸ்களும் இப்படித்தான் படமாகப் போகின்றன. படத்தை அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே எழுத்தாகவும் அனுப்புங்கள்.

தம்பிகளே, தங்கைகளே, இன்று இரவே தொடங்கலாம். உங்கள் தெருவில் அடுத்து வரும் போட்டிக்கோ முகாமுக்கோ ஒரு பக்கம் எழுதுங்கள். தலைப்பு, பத்தி, பட்டியல், ஓர் அட்டவணை, ஓர் இணைப்பு போதும். நிறம் எதுவும் போடாதீர்கள். டேக்கை மூட மறந்தாலும் பிரவுசர் கோபிக்காது, தானே ஊகித்து எதையாவது காட்டிவிடும். அதனால் சரியாகத் தெரிகிறதே என்று நம்பிவிடாமல் ஒருமுறை வரி வரியாகப் பாருங்கள். பிறகு ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடரை ஆன் செய்யுங்கள். ஒரு முறை தொட்டால் வாசிக்கும், இரு முறை தட்டினால்தான் திறக்கும். எப்படி ஆஃப் செய்வது என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். திரையைப் பார்க்காமல் உங்கள் பக்கத்தில் போட்டி நடக்கும் நேரத்தைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அப்புறம் சிஎஸ்எஸ்ஸைத் தொடலாம். முடியாவிட்டால் திரும்பவும் டேக்குகளுக்கு வாருங்கள். கேள்வி இருப்பவர்கள் போர்டு பக்கம் வாருங்கள், எழுதிக் காட்டுகிறேன். நன்றி, வணக்கம்.