கடல் பாத்த ஹோட்டல்ல வரி ஆபீசு

எல்லாருக்கும் வணக்கம். பழைய ஹோட்டல்னா எனக்கு ஒரு கிறுக்கு, வீட்ல இருக்கறவங்களுக்கு இது நல்லாவே தெரியும், இன்னிக்கு நீங்க மாட்டிக்கிட்டீங்க.

பிரிட்டன்ல இருக்கற வேல்ஸோட வடக்குக் கரையில லாண்டிட்னோன்னு ஒரு ஊரு. 1848-க்கு முன்னாடி அது டூரிஸ்ட் ஊரே கிடையாது, செம்புச் சுரங்கத்துக்காரங்க, மீன் பிடிக்கறவங்க, கடலுக்குப் பின்னாடி ஈர நிலம், அவ்வளவுதான். நிலம் பெரும்பாலும் மாஸ்டின் குடும்பத்தோடது. ஓவன் வில்லியம்ஸ்னு லிவர்பூல்லேர்ந்து வந்த ஒரு சர்வேயர் இத டூரிஸ்ட் ஊரா ஆக்கலாமேன்னு பிளான் குடுத்தாரு, மனை பிரிச்சு குத்தகைக்கு விட்டாங்க, 1858-ல ரயிலும் வந்துருச்சு. கடைங்க எல்லாம் பின் தெருவுல, கடல் பக்கம் ஹோட்டலுங்க மட்டும் வளைஞ்சு வரிசையா நிக்கும். நம்ம பீச்சுல பஜ்ஜிக் கடையத் தாண்டித்தானே கடலையே பாக்க முடியுது, அதனால எனக்கு அந்த வரிசை மேல கொஞ்சம் பொறாமைதான்.

அந்த வரிசையில ஒண்ணு இம்பீரியல் ஹோட்டல், 1870-கள்ல கட்டினது. நான் எப்பவும் முதல்ல பாக்கறது ஜன்னலத்தான். சுவர விட்டு வெளிய துருத்திக்கிட்டு மூணு பக்கமும் கண்ணாடி. ஏன்னா அங்க கோடையிலயே மழையும் குளிர்காத்தும் வரும், காசு குடுத்து வந்தவரு உள்ள சேர்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே கரையோட இந்த முனை மலையிலேர்ந்து அந்த முனை மலை வரைக்கும் கடலப் பாக்கணும்ல. அதான் சொல்றேன், ஜன்னலப் பாருங்க.

இப்ப என் ஃபேவரைட் கதை. ரெண்டாம் உலகப் போர் வந்துச்சு, லண்டன்ல குண்டு விழுது, அரசாங்கத்துக்கு தூரமா, ஆனா ரயில் போற, ரூம் நிறைய இருக்கற ஊரு வேணும், அப்படி ஊருன்னா டூரிஸ்ட் ஊருதானே! வருமான வரி ஆபீசையே தூக்கிட்டு லாண்டிட்னோ வந்துட்டாங்க, இம்பீரியலும் ஆபீஸ் ஆயிருச்சு. நினைச்சுப் பாருங்க, தேன்நிலவுக்கு வந்தவங்க தங்கின ரூம்ல உக்காந்து ஒருத்தரு யார் யாரு வரி கட்டலன்னு ஃபைல் பாக்கறாரு, ஜன்னலுக்கு வெளிய கடலு. அவரு ஃபைலப் பாத்தாரா, கடலப் பாத்தாரான்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். சம்பளம் கைக்கு வரதுக்கு முன்னாடியே வரியப் பிடிச்சுக்கற முறை பிரிட்டன்ல 1944-ல நடைமுறைக்கு வந்துச்சு, வரி ஆபீசு இந்த ஊர்ல குடியிருந்த அதே காலம். மாசக் கடைசியில சம்பளச் சீட்டப் பாத்து பெருமூச்சு விடறவங்களுக்கு இது தனியா விளக்க வேணாம்.

ஐயோ, ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சுன்னு கைய ஆட்டறாங்க. அந்த ஊரு கிரேட் ஓர்ம் மலைக்கு ஏறற டிராம் பத்தி நிறைய எழுதி வெச்சிருந்தேன், 1902-லேர்ந்து கேபிள் கட்டி இழுக்கறாங்க, இன்னும் ஓடுது, குளிர்காலத்துல மட்டும் நிறுத்திருவாங்க, போறதா இருந்தா மாசத்தப் பாத்துட்டுப் போங்க. அந்த மலையில காஷ்மீர் ஆட்டு வம்சம் ஒண்ணு இருக்கு, 2020 லாக்டவுன்ல தெருவுக்கே இறங்கி வந்து வீட்டு வேலிச் செடியெல்லாம் மேஞ்சுச்சுங்க, அந்தக் கதை... சரி சரி, முடிச்சுக்கறேன், வணக்கம்.