பாலத்துக்கு இந்தப் பக்கம் 627001, அந்தப் பக்கம் 627002

[திரையில்: தாமிரபரணி, சுலோச்சன முதலியார் பாலம்]

1843-ல் திறந்த பாலம் இது. இந்தக் கரையில் திருநெல்வேலி ஜங்ஷன், பின்கோடு 627001. நடந்து அந்தக் கரையில் இறங்கினால் பாளையங்கோட்டை, 627002. ஒன்றுதான் கூடுகிறது, ஆனால் இந்த இரண்டு எண்ணுக்கும் குணம் அப்படியே வேறு.

முதலில் ஜங்ஷன். 627001 பகா எண்ணா? 2, 3, 5 மூன்றும் பார்த்தவுடனே போய்விடும், அப்புறம் 7, 11, 13 என்று பகா எண்களாக வகுத்துக்கொண்டே போக வேண்டும், 791 வரை பார்த்தால் போதும், ஏனென்றால் 792-ன் வர்க்கம் இந்த எண்ணைத் தாண்டிவிடும். நான் நோட்டில் போட்டுப் பார்த்தேன். 19-ல் மீதி வெறும் 1, கிட்ட வந்து நழுவிவிட்டது. 67 வரை எதுவும் சரியாக வரவில்லை. 20-வது பகா எண்ணான 71-ல் மீதியே இல்லை!

[திரையில்: 627001 = 71 × 8831]

8831-ம் பகா எண்தான், அதற்கு மேல் உடையாது.

சரி, 627001-ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? எந்த வர்க்கத்தையும் 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1. அதனால் இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் மீதி 3 வரவே வராது. 627001-க்கு மீதி 1, ஆகவே முடியும் போலத்தான் தெரியும். உள்ளே பாருங்கள், 71-க்கும் மீதி 3, 8831-க்கும் மீதி 3. இப்படி மீதி 3 வருகிற பகா எண் இரண்டு வர்க்கங்களின் கூட்டலை வகுத்தால், அந்த இரண்டு எண்களையும் அது தனித்தனியே வகுத்தாக வேண்டும், அப்படியென்றால் காரணிகளில் 71 இரண்டு தடவையாவது வந்திருக்க வேண்டும். இங்கே ஒரே தடவைதான். ஆகவே முடியாது.

இப்போது பாளை.

[திரையில்: 627002 = 2 × 37 × 37 × 229]

37, 229 இரண்டுக்கும் மீதி 1. இப்படிப்பட்ட பகா எண் எதையும் இரண்டு வர்க்கங்களாகப் பிரிக்கலாம் என்று ஃபெர்மா 1640-ல் எழுதினார், நூறு வருஷம் கழித்து ஆய்லர் நிரூபித்தார். 2-ஐயும் 229-ஐயும் பெருக்கினால் 458, அது 13-ன் வர்க்கமும் 17-ன் வர்க்கமும் சேர்ந்தது. இரண்டையும் 37-ஆல் பெருக்குங்கள், 481, 629. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் பாளை பின்கோடு வந்துவிடும்!

இதோடு முடியவில்லை. 37-ன் வர்க்கமே 12, 35 இவற்றின் வர்க்கங்களாகப் பிரியும், அதனால் இன்னும் இரண்டு வழி கிடைக்கிறது. 439-ம் 659-ம் ஒன்று, 251-ம் 751-ம் இன்னொன்று. மொத்தம் மூன்றே வழி, நாலாவது கிடையாது.

எனக்குக் கடைசி ஜோடிதான் ரொம்பப் பிடிக்கும். 251-ன் வர்க்கம் 63001, 751-ன் வர்க்கம் 564001, இரண்டுமே 001-ல் முடிகிறது பாருங்கள். கூட்டினால் 627002.