பொற்கோயிலுக்குப் போனால் பந்தியில் உட்காராமல் திரும்பாதீர்கள்

(காட்சி: அமிர்தசரஸ், குளத்து நடுவே பொற்கோயில்)

அமிர்தசரஸ் போகிற நம் ஆட்கள் பலரும் இந்தக் குளத்தோரம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். லங்கர் (எல்லோரும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் இலவசப் பந்தி) சாப்பாடு ஏதோ அன்னதானம், பசித்தால் போகலாம் என்ற நினைப்பு. வழிபாட்டில் பாதியே அதுதான்.

சரி, முதலில் உள்ளே போவோம். செருப்பை விட்டு, தலையை மூடிக்கொண்டு (ஆண்களும்தான்), வாசலில் ஓடும் தண்ணீரில் கால் நனைத்துப் போக வேண்டும். சந்நிதியில் சிலை கிடையாது. சீக்கியர்களின் புனித நூலான, 1430 பக்கமுள்ள குரு கிரந்த் சாகிப் இருக்கும். இனி இதுவே குரு என்று 1708இல் பத்தாவது குருவான கோவிந்த் சிங் சொல்லிவிட்டுப் போனதால், அந்த நூலுக்குச் சாமரம் வீசுகிறார்கள், இரவில் பல்லக்கில் வைத்து அதே வளாகத்தில் இருக்கும் அகால் தக்த் என்ற கட்டடத்துக்குக் கொண்டுபோய், விடியுமுன் திரும்பக் கொண்டுவருகிறார்கள். காலையில் திறக்கும் பக்கத்தில் என்ன பாடல் வருகிறதோ அதுதான் அன்றைய கட்டளை.

(காட்சி: லங்கர் கூடம், தரையில் நீளப் பாய்கள்)

இப்போது பந்தி. 'முதலில் பந்தியில் உட்கார், அப்புறம் என்னைப் பார்' என்று விதி வைத்தவர் மூன்றாவது குருவான அமர்தாஸ். அக்பரே தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் அவரைப் பார்த்தார் என்பது சீக்கிய மரபு. 16ஆம் நூற்றாண்டில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்பது எவ்வளவு பெரிய வம்பு என்று நமக்குச் சொல்லவா வேண்டும்! அதற்கும் முன்னால், இரண்டாவது குருவின் மனைவி மாதா கீவி நெய் விட்டுச் செய்த பாயசத்தைப் புகழ்ந்து கிரந்தத்திலேயே பாட்டு இருக்கிறது. சமையல்காரம்மாவுக்கு வேதத்தில் இடம்.

ரொட்டியைத் தட்டில் போடமாட்டார்கள், இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும். பருப்பு வாளியில் வரும். எத்தனை முறை கேட்டாலும் போடுவார்கள், ஆனால் வீணாக்கக் கூடாது. சாதாரண நாளிலேயே 50,000 பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள், எல்லாம் சைவம்தான், யாருக்கும் தடை வரக் கூடாதே.

சாப்பிட்டதும் ஓடிவிடாதீர்கள். பூண்டு உரிக்கிற கூட்டத்தில் போய் உட்காருங்கள், யார் எவர் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பகலில் நேரமில்லையா? ராத்திரி 2 மணிக்கும் அங்கே அடுப்பு எரியும்.