பிராட்வேயும் இரண்டாங்கிரேடு வக்கீலும்

(வண்ணாரப்பேட்டையில் ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், முன்வரிசையை விட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இங்கே இருப்பவர்களில் பிராட்வேயில் பஸ் ஏறாதவர் யாரும் இருக்க முடியாது. அந்தச் சாலைக்குப் பெயர்ப்பலகையில் பிரகாசம் சாலை என்று இருக்கும். ஆனால் எந்தக் கண்டக்டரும் 'பிரகாசம் சாலை எல்லாம் இறங்கு' என்று கூவி நான் கேட்டதில்லை. பிராட்வே என்றால்தான் நமக்கு வாயில் வருகிறது. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பழைய பெயருக்குப் பின்னாலும் ஒரு வக்கீல்தான் நிற்கிறார். 1778இல் மெட்ராஸுக்கு வந்த ஸ்டீபன் பாப்ஹாம் என்ற ஆங்கிலேயர், பள்ளமாகக் கிடந்த இடத்தைத் தூர்த்துத் தெரு போட்டார். பாப்ஹாம் பிராட்வே என்றே அதைச் சொன்னார்கள். சரி, அவர் இருக்கட்டும். இன்று நான் பேச வந்தது இரண்டாவது வக்கீலைப் பற்றி, தங்குடூரி பிரகாசம் பந்துலு.

அவரைத் தெரிந்தவர்களுக்கு ஒரு காட்சிதான் தெரியும். 1928 பிப்ரவரி 3, இந்தியர் ஒருவரும் இல்லாத சைமன் கமிஷன் பம்பாயில் வந்து இறங்கிய நாள். இங்கே பாரிமுனையில், ஐக்கோர்ட்டுக்கு எதிரே, எதிர்ப்புக் கூட்டம். போலீஸ் சுட்டதில் ஒருவர் செத்து விழுந்தார். செத்தவர் உடம்புக்குப் பக்கத்தில் வந்தால் சுடுவோம் என்றார்கள் போலீஸார். பிரகாசம் சட்டையைத் திறந்து மார்பைக் காட்டி, சுடு என்றார். ஆந்திர கேசரி, அதாவது ஆந்திரச் சிங்கம், என்ற பட்டம் அப்படி வந்தது. நம்ம ஏரியாவில் நடந்தது, நாம் பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் சொல்லிவிட்டு மனிதரை முடித்துவிடுகிறோம். அன்று அவருக்கு வயது 55. அதற்கு முந்தைய 55 வருஷம் எங்கே போயிற்று?

அவர் பிறந்தது 1872 ஆகஸ்ட் 23, இன்றைய ஆந்திராவில் ஓங்கோலை அடுத்த வினோதராயுனிபாலெம் என்ற கிராமத்தில். குடும்பம் தலைமுறையாகக் கர்ணம் பார்த்த குடும்பம். கர்ணம் என்றால் கிராமத்துக் கணக்கு. நிலம், வரி, யார் பெயரில் எது என்று எழுதி வைக்கிறவர். மரியாதை உண்டு, காசு அவ்வளவாக இல்லை. பையனுக்கு 11 வயதாகும்போது அப்பா கோபாலகிருஷ்ணய்யா இறந்துபோனார். அம்மா சுப்பம்மா பிள்ளைகளோடு ஓங்கோலுக்கு வந்து சாப்பாட்டு விடுதி ஆரம்பித்தார்.

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். கர்ணம் வீட்டு அம்மா, அதிலும் பிராமணக் குடும்பத்து விதவை, முன்பின் தெரியாதவர்களுக்குக் காசுக்குச் சோறு போடுகிறார். அந்தக் காலத்தில் அதை மட்டமான தொழிலாகத்தான் பார்த்தார்கள். உறவுக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்தில் அந்த அம்மாவை எந்தப் பந்தியில் உட்கார வைத்திருப்பார்கள் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. பிரகாசத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்குத் தாண்ட மனசு வரவில்லை. காரணம் சொந்தக் காரணம்தான்.

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் அம்மா இட்லிக் கடை போட்டிருந்தாங்க. விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டினால் ஒன்பது மணிக்குப் பாத்திரம் கழுவுகிற வேலை. நைனா தம்புச் செட்டித் தெருவில் ஒரு வக்கீலுக்குக் குமாஸ்தா. அவர் கொண்டுவந்தது வீட்டு வாடகைக்குச் சரியாகப் போகும். என்னைப் படிக்க வைத்தது இட்லி. நான் வக்கீலாகப் பதிவு செய்துகொண்ட அன்று ஐக்கோர்ட்டிலிருந்து கவுனைக் கையில் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தேன். அம்மா மறுநாளைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாங்க. முதல் வார்த்தை இதுதான்: "கறுப்புத் துணியில மாவு பட்டா போவாது, தள்ளி நில்லு."

பிரகாசத்துக்கு வருவோம். பையன் படிப்பில் புலி என்று நினைத்துவிடாதீர்கள். நாடகத்தில் நடிப்பதில் ரொம்ப ஆசை. மெட்ரிகுலேஷனில் கோட்டை விட்டவர். ஹனுமந்தராவ் நாயுடு என்று ஒரு வாத்தியார். ராஜமுந்திரிக்கு அவர் மாறிப் போனபோது இந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த வாத்தியார் இல்லையென்றால் ராஜமுந்திரி இல்லை, கோர்ட்டும் இல்லை. பிறகு மெட்ராஸுக்கு வந்து சட்டம் படித்து, இரண்டாங்கிரேடு பிளீடராகி ஊர் திரும்பினார்.

இந்த இரண்டாங்கிரேடு என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். இப்போது வக்கீல் என்றால் ஒரே வகைதான். அப்போது ரயிலில் இருப்பதுபோல கிளாஸ் உண்டு. மேலே இங்கிலாந்து போய்ப் படித்து வந்த பாரிஸ்டர், அடுத்து ஐக்கோர்ட் வக்கீல், அப்புறம் முதல் கிரேடு பிளீடர், அதற்கும் கீழே இரண்டாவது கிரேடு. கீழ்க் கோர்ட்டுகளோடு இவருக்குச் சரி. சாட்சியைத் தேடிப் பிடித்ததும், குறுக்கு விசாரணையில் பொய்யை உடைத்ததும் இவராக இருக்கும். வழக்கு அப்பீலுக்குப் போனால் காகிதக் கட்டை அப்படியே மெட்ராஸ் வக்கீலிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

சட்டம் மாறினாலும் இதன் வாடை முழுசாகப் போகவில்லை. நைனா வேலை பார்த்த ஆபீசுக்கு வெளியூர்க் கட்டுகள் வரும். பழைய துணியில் சுற்றி, சணல் போட்டுக் கட்டியிருக்கும். நைனா சணலை வெட்டமாட்டார். நகத்தால் முடிச்சை அவிழ்த்து, சுருட்டி டிராயரில் போட்டுக்கொள்வார், அடுத்த கட்டுக்கு ஆகுமாம். உள்ளே ஒவ்வொரு பக்கத்து ஓரத்திலும் ஊர் வக்கீல் பென்சிலில் எழுதியிருப்பார்: இந்தச் சாட்சி இங்கே உளறினார், இந்தப் பத்திரத்தில் தேதியைப் பாருங்கள். சீனியர் அதைப் பார்த்துத்தான் வாதாடுவார். எழுதினவர் விடிகாலை பஸ்ஸில் வந்து, கோர்ட் ஹாலில் பின்வரிசையில் உட்கார்ந்து, தன் பாயிண்டை இன்னொருவர் வாயால் கேட்டுவிட்டுப் போவார். ஜெயித்தால் சீனியருக்குப் பேர்.

பிரகாசம் பின்வரிசையில் உட்காரத் தயாராக இல்லை. ராஜமுந்திரியில் தொழில் நன்றாக நடந்தது. 1904இல் அங்கே நகராட்சித் தலைவரானார், அதுவும் ஊர்ப் பெரிய மனிதர்களை எதிர்த்து நின்று. அவர் திறமையைக் கண்ட ஒரு பாரிஸ்டர், நீ ஏன் இங்கே கிடக்கிறாய், இங்கிலாந்து போ என்றார். போனார். கிளம்பும்போது அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டார்: மாமிசம் கூடாது, சுருட்டு சிகரெட் கூடாது. ஊருக்கெல்லாம் சமைத்துப்போட்ட அம்மா அல்லவா, பிள்ளை என்ன சாப்பிடுவான் என்ற கவலைதான் முதலில் வந்திருக்கும். சத்தியத்தைக் காப்பாற்றினார்.

1907இல் பாரிஸ்டராக வந்து, ராஜமுந்திரிக்குப் போகாமல் மெட்ராஸில் தொழிலை ஆரம்பித்தார். அதே ஐக்கோர்ட். நம்ம ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. 1911இல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக நின்றவர்களில் பிரகாசமும் ஒருவர். வெள்ளைக்காரக் கலெக்டர் செத்த வழக்கில் அந்தப் பக்கம் நிற்பது தொழிலுக்கு நல்லதில்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன?

அப்புறம் 1921. நல்ல வருமானம் வந்துகொண்டிருந்தபோதே தொழிலை விட்டுவிட்டு ஒத்துழையாமையில் இறங்கினார். சம்பாதித்த பணத்தைத் தான் நடத்திய ஸ்வராஜ்யா பத்திரிகையில் கொட்டினார். பத்திரிகை அதைச் சாப்பிட்டது. என்னைக் கேட்டால், பத்திரிகை நடத்தத் தெரியாதவர் என்றுதான் சொல்வேன், தொழிலில் இருந்த சாமர்த்தியம் கணக்கில் இல்லை. கர்ணம் வீட்டுப் பிள்ளை கணக்கில் கோட்டை விட்டார் என்று சொன்னால் இங்கே யாராவது கோபித்துக்கொள்வீர்களோ என்னவோ.

1946இல் சென்னை மாகாணப் பிரதமர் (முதலமைச்சரை அப்போது அப்படித்தான் சொன்னார்கள்), 1953இல் ஆந்திர மாநிலத்தின் முதல் முதலமைச்சர். பதவிகளைப் பற்றி எல்லா இடத்திலும் இருக்கிறது, நான் நீட்டவில்லை. 1957 மே 20 அன்று ஐதராபாத்தில் காலமானார். சொத்து என்று சொல்லும்படி ஒன்றும் மிச்சமில்லை. வக்கீல்களுக்குள் கிரேடு எதுவும் கிடையாது, எல்லாரும் ஒரே வகை அட்வகேட் என்று சொன்ன சட்டம் 1961இல்தான் வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

டீ வந்துவிட்டது போலிருக்கிறது. கேள்வி இருந்தால் குடித்துக்கொண்டே கேளுங்கள். ஆனால் ஒன்று, கையில் கேஸ் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து நாளைக்கு ஆபீசுக்கு வாங்க.