படுத்துக்கொண்டு படமெடுத்தவர்

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். எதிரணிக்கும் ஒரு வணக்கம். இன்று அவர்களுக்கு அது தேவைப்படும்.

சோவியத் இயக்குநர் லாரிசா ஷெபிட்கோவை உயர்த்தியது அவருடைய மன உறுதியா, துணை நின்ற மனிதர்களா? உறுதியே என்பது எங்கள் அணி. நான்கு பக்கம் குறிப்பு எழுதி வந்தேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் ஒரே வரியில் அதை மடித்துப் பைக்குள் வைக்கச் செய்துவிட்டார். "ஸ்டிரெச்சரில் படுத்துக்கொண்டு படமெடுத்தாராம்! நானும் வீட்டில் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டுதான் சமையலை மேற்பார்வை செய்கிறேன்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் சிரிப்பு வந்தது.

சரி, அந்த ஸ்டிரெச்சரைக் கொஞ்சம் இப்படி மேடைக்குக் கொண்டுவாருங்கள்.

இடம், கிர்கிஸ்தானின் வறண்ட புல்வெளி. வெயில் 50 டிகிரி வரை ஏறுகிறது. கேமராவுக்குள் ஃபிலிம் உருகுகிறது. படத்தின் பெயர் என்ன தெரியுமா? 'வெப்பம்'! பெயர் வைக்கும்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம். உக்ரைனில் பிறந்து, மாஸ்கோவில் படித்த பெண். வயது இருபத்து நான்கு. எடுப்பது கோடி ரூபாய்ப் படம் அல்ல. திரைப்படக் கல்லூரியில் பட்டம் வாங்குவதற்கான படம். அங்கே மஞ்சள் காமாலை வந்துவிடுகிறது. நமக்கு வந்தால் கீழாநெல்லி, மோர்ச்சோறு, ஒரு மாத விடுப்பு. ஒரு மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் அந்தக் கல்லூரியும் அவகாசம் தராமலா போயிருக்கும்? அவர் ஸ்டிரெச்சர் கேட்டார்.

நண்பரே, இன்றிரவு மொட்டைமாடியில் மல்லாந்து படுத்துப் பாருங்கள். என்ன தெரியும்? வானம். தலையைத் திருப்பினால் பக்கத்தில் நிற்பவரின் செருப்பு. அந்த நிலையில் நடிகரின் முகத்தைப் பார்க்க வேண்டும், வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும், "இன்னொரு முறை" என்று சொல்ல வேண்டும். காமாலைக்காரருக்கு ஒரு வாய்க் கஞ்சி இறங்குவதே பெரும்பாடு. இவர் வாயிலிருந்து கட்டளை வந்துகொண்டிருக்கிறது! படம் 1963-இல் முடிந்தது. அடுத்த ஆண்டு செக்கோஸ்லோவாக்கியாவின் கார்லோவி வாரி திரைப்பட விழாவில் பரிசும் பெற்றது.

நண்பரின் சாய்வு நாற்காலிக்கு இதுவரை என்ன பரிசு கிடைத்திருக்கிறது? அவருடைய இல்லத்தரசி முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். நடுவர் அவர்களே, என் நேரத்தில் ஒரு நிமிடத்தை அவருக்குக் கொடுக்கிறேன். வேண்டாமா? நண்பர் கைகூப்புகிறார். விட்டுவிடுகிறேன்.

அடுத்து, திரைப்படக் கல்லூரியில் அவருக்குப் பாடம் சொன்ன இயக்குநர் தவ்ஷென்கோதான் அவரை உருவாக்கினார் என்றார்கள். பெரிய மேதை, மறுக்கவில்லை. ஆனால் லாரிசா கல்லூரியில் சேர்ந்தது 1955-இல். ஆசிரியர் மறைந்தது 1956 நவம்பரில். பிறகு நடந்த தூரமெல்லாம் தனியாகத்தான். போர் விமானம் ஓட்டிய ஒரு பெண் அமைதிக் காலத்தில் தரையில் கால் பாவாமல் தவிப்பதை 1966-இல் 'சிறகுகள்' என்று எடுத்தார். அடுத்த ஆண்டு எடுத்த 'மின்சாரத்தின் தாயக'த்தை அரசு பூட்டி வைத்தது. 1987 வரை வெளிவரவில்லை. 'ஏற்றம்' படத்தை ரஷ்யாவின் முரோம் நகரின் பக்கத்தில் மைனஸ் 40 டிகிரி குளிரில் எடுத்தார். 50-இல் தொடங்கி மைனஸ் 40-க்கு! அதற்கும் தடை வரும் என்று பயந்தார்கள். பெலாரஸ் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் மாஷெரோவுக்குப் போட்டுக் காட்டினார்கள். அவரே இரண்டாம் உலகப் போரில் கொரில்லாப் படையில் போரிட்டவர். அவருடைய தாயை ஜெர்மானியர்கள் கொன்றிருந்தார்கள். ஜெர்மானியர் கையில் சிக்கிய இரண்டு கொரில்லாக்களின் கதையைப் பார்த்து அந்த மனிதர் அழுதுவிட்டார். படம் வெளிவந்தது. 1977-இல் பெர்லின் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கக் கரடி.

கணவர் எலெம் கிளிமோவ் இல்லாவிட்டால் 'வெப்பம்' முடிந்திருக்காது என்பது எதிரணியின் பிரம்மாஸ்திரம். அப்போது அவர் கணவர் அல்ல, சக மாணவர். முடிக்க உதவினார், உண்மை. அந்த ஆண்டே திருமணம்.

இதற்குக் காட்டமாக ஒரு பதில் எழுதி வந்திருந்தேன். சொல்ல மனம் வரவில்லை.

1979 ஜூலை 2. அடுத்த படத்துக்கு இடம் பார்க்கப் போன கார், இன்று ட்வேர் எனப்படும் கலினின் நகருக்கு அருகே நெடுஞ்சாலையில் லாரியோடு மோதியது. லாரிசாவும், ஒளிப்பதிவாளர், கலை இயக்குநர் உட்பட உடன் சென்றவர்களும் இறந்துபோனார்கள். லாரிசாவுக்கு நாற்பத்தொரு வயது. மகன் ஆறு வயதுப் பையன்.

அந்தப் படத்தின் கதையில் ஒரு தீவு, அணைத் தண்ணீரில் மூழ்கப்போகிறது. ஊரைக் காலி செய்யச் சொல்கிறார்கள். ஒரு கிழவி, நாளைக்கு எரிக்கப்படப்போகிற தன் வீட்டுக்கு வெள்ளையடித்துச் சுத்தம் செய்கிறாள். இந்தக் காட்சியைத் தன் கையால் எடுக்க வேண்டிய பெண் இல்லை. கிளிமோவ் வந்தார். 1963-இல் முடித்துக்கொடுத்தது போல இதையும் முடித்துக்கொடுத்தார். முதல் முறை சந்தேகம் வந்தால் கேட்பதற்கு, எழுந்து நிற்க முடியாவிட்டாலும், லாரிசா இருந்தார். இரண்டாம் முறை யாரிடம் கேட்டிருப்பார்? படத்துக்கு 'விடைபெறுதல்' என்று பெயர் வைத்தார்.

நண்பர் புன்னகைக்கிறார், நான் அவர் அணிக்கே வந்துவிட்டேனாம். வந்திருக்கலாம். மதிப்பெண்ணை அவரே எடுத்துக்கொள்ளட்டும், நடுவர் அவர்களே. மணியடிக்க வேண்டாம், அமர்ந்துவிடுகிறேன்.