ஸ்மோக்கர் மூடியில தெர்மாமீட்டர்: ஓட்டையை எங்க போடணும்?

வணக்கம் மக்களே! ஹூஸ்டன்ல இப்ப காலைல எட்டரை மணி. வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிரணும்னு நேரா பேக்யார்டுக்கு வந்துட்டேன். இதான் நம்ம ஆஃப்செட் ஸ்மோக்கர். இந்தப் பக்கம் இருக்கிற சின்னப் பெட்டில விறகு எரியும். சூடும் புகையும் பெரிய டிரம்முக்குள்ள போயி, கறியைத் தடவிட்டு, அந்தக் கடைசில இருக்கிற புகைபோக்கி வழியா வெளிய போயிரும்.

இன்னைக்கு இந்த மூடியில புதுசா ஒரு தெர்மாமீட்டர் மாட்டப் போறேன். ஏற்கெனவே ஒண்ணு இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. இதோ, மூடியோட உச்சில, நட்ட நடுவுல. பிரச்சனையே அந்த இடம்தான்.

போன மாசம் பன்னெண்டு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டு பிரிஸ்கெட், அதாவது மாட்டு நெஞ்சுக்கறி, போட்டேன். முள்ளு 250 ஃபாரன்ஹீட்ல அசையாம நின்னுச்சு, அதாவது 121 செல்சியஸ். சாயங்காலம் ஆறு மணிக்கு வெந்துரும்னு நம்பி உக்காந்திருந்தேன். கறியை வெட்டும்போது ராத்திரி பத்து மணி. குழந்தைங்க எல்லாம் தயிர்சாதம் சாப்பிட்டுத் தூங்கியாச்சு. எனக்கு மனசே ஆறல.

மறுநாள் கறியே வைக்காம விறகைப் பத்தவச்சு, கறி வைக்கிற கம்பி மேல ஒரு டிஜிட்டல் ப்ரோப், அதாவது சூடு பாக்குற கருவி, வச்சுப் பாத்தேன். மேல 250 காட்டுது, கறி இருக்க வேண்டிய இடத்துல 205! சூடு மேலதான போகும்? உச்சில இருக்கிற காத்தோட சூட்டைத்தான் நான் இத்தனை நாளா பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். பிரிஸ்கெட் உள்சூடு 150, 160 வந்ததும், மேல் ஈரம் ஆவியாகி ஆவியாகி கறியைக் குளுர வச்சுக்கிட்டே இருக்கும். இங்க ஸ்டால்னு சொல்லுவாங்க. 250ல வச்சாலே அது மணிக்கணக்கா இழுக்கும். 205ல வச்சா கேக்கவே வேணாம்.

மாட்டுறதுக்கு முன்னாடி புது தெர்மாமீட்டர் சரியாக் காட்டுதான்னு பாத்துருங்க. கொதிக்கிற தண்ணில தெர்மாமீட்டர் கம்பியை மட்டும் விடுங்க, பாத்திரத்தோட அடியில படக்கூடாது. நம்ம ஊரு கடல் மட்டத்துக்குப் பக்கம்கறதால 212 காட்டணும். டென்வர்ல இருக்கிறவங்களுக்கு 202, 203லயே தண்ணி கொதிச்சிரும், அதை வச்சுக் கணக்குப் பண்ணுங்க. என்னோடது 208 காட்டுச்சு. பின்னாடி இருக்கிற சின்ன நட்டை ஸ்பேனரால லேசாத் திருப்பினதும் 212க்கு வந்துருச்சு.

இப்ப இடம். கறி வைக்கிற கம்பிக்கு ரெண்டு இஞ்ச் மேல. விறகுப் பெட்டிப் பக்கம் ஒட்டி வேணாம், அங்க சூடு அதிகமாக் காட்டும். பச்சைக் கறிக்கு ரொம்பப் பக்கத்துலயும் வேணாம், கறியோட குளுமை முள்ளை இறக்கிரும். நான் நடுவுல போடுறேன். வசதி இருந்தா ரெண்டு ஓரத்துக்கும் ஒண்ணொண்ணு மாட்டுங்க, ரொம்ப நல்லது.

கொஞ்சம் பொறுங்க, இதைக் கிட்ட காட்டுறேன். மூடி பின்பக்கக் கீலுல வளைஞ்சு இறங்குது பாருங்க. தெர்மாமீட்டர் கம்பி உள்ள ரெண்டரை இஞ்ச் நீட்டிக்கிட்டு இருக்கும். மூடும்போது அது கிரில்லுல இடிச்சா என்ன பண்றது? அதுக்கு ஒரு சப்பாத்தி மாவு உருண்டை. அதுல ரெண்டரை இஞ்ச் பென்சில் துண்டைக் குத்தி, மூடிக்கு உள்பக்கம் அந்த இடத்துல அப்பிட்டேன். மெதுவா மூடுறேன்... திறக்குறேன்... பென்சில் அசையல. முதல்ல ஒரு இஞ்ச் கீழ வச்சப்ப இடிச்சு விழுந்துருச்சு. ஓட்டை போட்டப்புறம் இது தெரிஞ்சிருந்தா ஒண்ணும் பண்ணிருக்க முடியாது.

ஓட்டை அளவுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பாக்கெட்ல அரை இஞ்ச் என்பிடி (அமெரிக்க பைப் மரை அளவு) மரைன்னு போட்டிருக்கும். அது பைப்போட பேருதான். மரையோட வெளி விட்டம் 0.84 இஞ்ச். அதனால ஓட்டை 7/8 இஞ்ச் வேணும்.

கண்ணாடி போட்டாச்சு. மாஸ்கிங் டேப் ஒட்டி, சென்டர் பஞ்ச்சால ஒரு குழி. இல்லன்னா வளைஞ்ச தகடுல பிட் வழுக்கிரும். முதல்ல 1/8 இஞ்ச்ல சின்ன ஓட்டை, அப்புறம் ஸ்டெப் பிட், அதாவது படிப்படியா அகலமாகுற பிட். மெதுவாச் சுத்தணும், நடுநடுவுல ஒரு சொட்டு எண்ணெய். இது சாதா இரும்புத் தகடு, அதனால பயமில்ல. எனாமல் பூசின மூடியா இருந்தா இன்னும் மெதுவா, கையை அழுத்தாமப் போங்க. எனாமல் ஒரு தடவை செதில் விட்டா அங்க துரு பிடிக்கும்.

ஆச்சு. ஓரத்துப் பிசிரை அரத்தால ராவிட்டேன். இரும்புச் சுருள் ஒண்ணு விடாம காந்தத்தால எடுத்துட்டேன், நாளைக்கு கறி வைக்கப் போற இடமாச்சே. வெட்டுன ஓரத்துல சமையல் எண்ணெய் தடவுறேன். சூட்டுல அது இறுகிப் படிஞ்சு துரு பிடிக்காமப் பாத்துக்கும். ஸ்டெயின்லெஸ் வாஷர், உள்ள நட். கையால இறுக்கி, ஸ்பேனர்ல ஒரு கால் சுத்து. அவ்வளவுதான்.

இப்ப போஸ்ட் ஓக் கட்டை ரெண்டு போட்டு முக்கால் மணி நேரம் ஆச்சு. உச்சில பழசு 275. புதுசு 236. பக்கத்துல கம்பி மேல வச்ச டிஜிட்டல் 234. பாருங்க, ரெண்டே டிகிரி!

வர்ற சனிக்கிழமை அதே பன்னெண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை ராத்திரியே கறியை ஏத்திருவேன்.